கோழி அடைந்த பிறகு யார் கதவைச் சாத்துவது? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான தானியங்கிக் கூட்டுக் கதவு: முழுமையான வழிகாட்டி

வில்லியனூர், பாகூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமெல்லாம் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் நிறைய. அவற்றில் பாதி வீடுகளில் வேலைக்குப் போனவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பொழுது சாயும்போது கோழி தானாகவே கூட்டுக்குள் போய் அடைந்துவிடும். கதவு மட்டும் திறந்தபடி கிடக்கும். எட்டு மணிக்கு யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு போவதற்குள் மரநாய் வந்து போயிருக்கும். இருட்டுவதற்கும் நாம் வீடு வந்து சேர்வதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை அடைக்கத்தான் தானியங்கிக் கதவு.

அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கூரை இடுக்கு வழியாக மரநாய் உள்ளே இறங்கிவிட்டால், மூடிய கதவே கோழிகளுக்கு எமனாகிவிடும். தப்பிக்க வழியே இருக்காது. அதனால் கதவுக்குக் காசு செலவழிக்கும் முன் கூட்டை இறுக்குங்கள். கூட்டை இறுக்கும் முன், உங்கள் இடத்துக்கு எந்தப் பிராணி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

1. வருவது எது?

கோழியை இழந்த காலையில், கிடப்பதை உடனே எடுத்துப் புதைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வந்தது எது, எந்த வழியாக வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பல கோழிகள் செத்துக் கிடந்து, எதையும் சரியாகத் தின்றிருக்காமல், வலையோ பலகையோ பிய்ந்திருந்தால் அது தெருநாய். கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி இருந்தால் மரநாயைச் சந்தேகிக்கலாம். ஒரே இரவில் இரண்டு மூன்றைக் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தின்றுவிட்டுப் போவது அதன் வழக்கம். ‘ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். மரநாய் நிறையப் பழம் தின்னும் பிராணி. அதனால் மதில்மேலும் கூரைமேலும் பழக்கொட்டைகளோடு கிடக்கும் எச்சம் நல்ல அடையாளம். அது காட்டுக்குள் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ஊர் நடுவில் ஓட்டு வீட்டுப் பரணிலும் குடியிருக்கும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டியும், கடற்கரையோரம் சவுக்குத் தோப்பை ஒட்டியும் இருக்கும் வீடுகளுக்குக் காட்டுப்பூனையும் நரியும் வரலாம். அவை கோழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போகும், போன வழி நெடுக இறகு கிடக்கும். கூட்டின் அடியில் புதிதாக மண் தள்ளியிருந்து, ஒவ்வொரு குஞ்சாகக் குறைந்தால் பெருச்சாளி.

பாம்பின் அடையாளம் வேறு. முட்டை, ஓடுகூட இல்லாமல் மறைந்திருக்கும். சில சமயம் ஒரு குஞ்சு மட்டும் எச்சிலில் நனைந்ததுபோல் ஈரமாகச் செத்துக் கிடக்கும், பாம்பு விழுங்கப் பார்த்துவிட்டுக் கக்கியது அது. அடைகாக்கும் கோழி வெளிக்காயம் எதுவும் தெரியாமல் செத்திருந்தால், கடித்த நல்ல பாம்பு இன்னும் அந்தக் கூடைக்குள்ளேயே சுருண்டிருக்கலாம். கையை உள்ளே விடவே விடாதீர்கள். தள்ளி நின்று கவனித்தபடி தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

இவையெல்லாம் பெரும்பாலும் இரவு விருந்தாளிகள். கீரி, பருந்து, வல்லூறு, காகம் இந்த நான்கும் பகலில் வருபவை. தானியங்கிக் கதவு இரவெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தாலும் கீரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ‘கதவு போட்ட பிறகும் குஞ்சு போகிறதே’ என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கீரி, மரநாய், உடும்பு, காட்டுப்பூனை, நரி, பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். வைத்த விஷம் பக்கத்து வீட்டு நாயையும் சேர்த்துத்தான் கொல்லும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது அதைவிடக் கொடுமை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வேலியை மிதித்து மனிதர்களே செத்திருக்கிறார்கள். ஒரு கோழிக்காக எந்தக் குடும்பமும் அந்தப் பாவத்தைச் சுமக்க வேண்டாம்.

2. கூட்டை இறுக்குங்கள்

கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை. கம்பி 18 கேஜுக்கு மெலிந்துவிடக் கூடாது. (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிகிறது என்று அர்த்தம், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.) குஞ்சு வைக்கும் அறைக்கு மட்டும் கால் அங்குலக் கண். பாம்புக்குட்டி அரை அங்குலத்தில் நுழைந்துவிடும்.

வலையை ஆணி அடித்து வளைத்துவிட்டால் போதாது. நாய் இழுத்தால் ஆணி கழன்று வரும். வலையின் ஓரத்தை மரச்சட்டத்துக்கும் ஒரு தகட்டுப் பட்டைக்கும் நடுவில் வைத்து, வாஷர் போட்ட ஸ்க்ரூவால் இறுக்குங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை சீக்கிரமே துருப்பிடிக்கும். அங்கே பி.வி.சி. பூசிய வலையோ, கையில் காசு இருந்தால் 304 தர எவர்சில்வர் வலையோ போடுவது நல்லது.

கூரைதான் நம் பக்கத்தில் பலரும் விட்டுவிடும் இடம். கீற்றுக் கூரையை மரநாய் காலால் விலக்கிக்கொண்டு இறங்கும். கீற்றுக்குள் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கீற்று வெயிலுக்கு நல்லது, அதை எடுக்கச் சொல்லவில்லை. கீற்றுக்கு அடியில் ஒரு சுற்று வெல்டு மெஷ் போட்டு, அதற்கு மேல் கீற்றை வேயுங்கள். ஷீட் போட்ட கூடாக இருந்தால், ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் அரைவட்ட இடுக்குகள் ஒவ்வொன்றையும் வலைத்துண்டால் அடைக்க வேண்டும். அதேசமயம் காற்று போகவும் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மூச்சு முட்டும் கூட்டுக்குள் அடைப்பதும் கோழியைக் கொல்லும். எனவே இரண்டு பக்கச் சுவரின் மேல்பாதி முழுக்க வலையாகவே இருக்கட்டும்.

அடுத்து அடித்தளம். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கத்து மணலில் தோண்டுவது பெருச்சாளிக்கு மிக எளிது. சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடுங்கள். பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்பட்டால் ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. உப்பு மண்ணில் வலை சில வருஷத்தில் அரித்துவிடும் என்பதால், வசதி இருந்தால் அதே இடத்தில் கடப்பா கல் பாவிவிடுங்கள். கூட்டின் தரையை இரண்டு இரண்டரை அடி உயர்த்திக் கட்டினால் மழைவெள்ளத்துக்கும் நல்லது.

எல்லாம் முடிந்ததும், இரவில் கூட்டுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வலை இல்லாத இடத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அதெல்லாம் வழி. உங்கள் கட்டைவிரல் நுழையும் இடுக்கைக் கட்டாயம் அடைக்க வேண்டும்.

3. வெளிச்சமா, கடிகாரமா?

தானியங்கிக் கதவுகள் இரண்டு வகையில் நேரம் பார்க்கும். ஒன்று, வெளிச்சம் குறைந்தால் மூடும் சென்சார். இன்னொன்று, குறித்த நேரத்தில் மூடும் டைமர். இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் கதவுகள் சென்சாரைத்தான் பெருமையாகச் சொல்லும். அந்த ஊர்களுக்கு அது நியாயம். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஜூனில் இரவு 9:20 ஆகும். டைமரை வாராவாரம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கடலூரும் புதுச்சேரியும் 12 பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், சூரியன் மறையும் நேரம் வருஷம் முழுக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் நகர்கிறது. நவம்பர் நடுவில் சுமார் 5:40, ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 6:40. உதயமும் அப்படித்தான், ஜூன் தொடக்கத்தில் சுமார் 5:40, ஜனவரிக் கடைசியில் சுமார் 6:35. வருஷத்துக்கு நான்கு முறை டைமரைத் தொட்டால் போதும்.

சென்சார் இங்கே இரண்டு விதத்தில் சொதப்பும். வடகிழக்குப் பருவமழையில் நாலு மணிக்கே வானம் கறுத்துவிடும். கதவு மூடிவிடும், கோழி வெளியே நனைந்துகொண்டு நிற்கும். இரண்டாவது, தெருவிளக்கோ வாசல் டியூப்லைட்டோ சென்சாரில் பட்டால் இரவானாலும் மூடாது. அதனால் என் தேர்வு டைமர்தான். இரண்டும் உள்ள கதவு கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் மூடுவதை டைமரிடமே விடுங்கள்.

மூடும் நேரம், சூரியன் மறைந்து கிட்டத்தட்ட அரை மணி கழித்து இருக்க வேண்டும். நம் பக்கம் அந்தி நீளாது, சட்டென்று இருட்டிவிடும். கடைசிக் கோழியும் அதற்குள் ஏறியிருக்கும். கீழே உள்ள நேரங்களை வைத்துத் தொடங்கலாம்:

அக்டோபர் நடுவிலிருந்து பொங்கல் வரை: 6:20
பொங்கலிலிருந்து சித்திரைப் பிறப்பு வரை: 6:45
சித்திரைப் பிறப்பிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை: 7:05
செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை: 6:45

காலையில் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். விடியும் நேரத்தில் இரவுப் பிராணிகள் இன்னும் நடமாடும், தெருநாய்களும் கூட்டமாகத் திரியும். வருஷம் முழுக்க 7 மணி என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை கண்ட இடத்தில் இடும் பெட்டைகள் இருந்தால் 8:30 வரைகூடத் தள்ளிப்போடலாம், பாதி முட்டையாவது கூட்டுக்குள்ளேயே விழும். அப்படிச் செய்தால் உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும்.

4. வாங்குவதா, செய்வதா?

ரெடிமேடாக வாங்குகிறவர்கள் நான்கு விஷயம் பாருங்கள். கதவுப்பலகை உலோகமாக இருக்க வேண்டும், மெல்லிய பிளாஸ்டிக்கைப் பெருச்சாளி கடித்துவிடும். கதவைத் திருகு மரையோ கியரோ நகர்த்த வேண்டும். அப்படிப்பட்ட கதவை வெளியிலிருந்து பிராணி நெம்பித் தூக்க முடியாது. மூடும்போது ஏதாவது தட்டுப்பட்டால் நின்று திரும்ப மேலே போகும் வசதி வேண்டும், இல்லையென்றால் தாமதமாக வரும் குஞ்சு நசுங்கும். நான்காவது, பேட்டரி இறங்கினால் விளக்காலோ சத்தத்தாலோ எச்சரிக்க வேண்டும். வாசல் அளவையும் பாருங்கள். நாட்டுக்கோழிக்கு 10 அங்குல அகலம், 11 அல்லது 12 அங்குல உயரம் போதும். அசில் சேவலுக்கு 14 அங்குலமாவது உயரம் வேண்டும். வான்கோழிக்குப் பெரும்பாலான ரெடிமேட் கதவுகள் சிறியவை.

நாமே செய்வதில் எனக்குத் தெரியும் பெரிய லாபம், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யலாம் என்பதுதான். மழைக்காலத்தில் ஒரு உதிரி பாகத்துக்காக இரண்டு வாரம் கூரியருக்குக் காத்திருக்க முடியாது. அந்த இரண்டு வாரத்தில் மரநாய் பத்து முறை வந்துவிடும்.

5. செய்முறை

தேவையானவை: 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் ஒரு தண்டை நேராக நீட்டி இழுக்கும் கருவி), 300 மி.மீ. ஓட்டம் உள்ளது, அதாவது தண்டு அவ்வளவு தூரம் நீள வேண்டும். 12 வோல்ட் டிஜிட்டல் டைமர். 12 வோல்ட் எட்டு முனை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதன் சாக்கெட்டோடு. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. 20 வாட் சோலார் தகடு, அதற்குச் சார்ஜ் கன்ட்ரோலர். 5 ஆம்பியர் ஃபியூஸ். நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி. 4 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை) துண்டு, அலுமினியம் ‘யூ’ சேனல், ஒரு சிறிய கப்பி, பின்னல் நைலான் கயிறு. டைமர் வாங்கும்போது கவனம், 230 வோல்ட் டைமரும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும்.

*கதவு.* மரப்பலகை வேண்டாம். ஐப்பசி மழையில் ஊறிப் பருத்துச் சேனலில் சிக்கிக்கொள்ளும். ஏ.சி.பி. ஷீட்டை வாசலைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, இரண்டு ‘யூ’ சேனலுக்கு நடுவில் மேலும் கீழும் ஓடும்படி பொருத்துங்கள். ஷீட்டுக்கும் சேனலுக்கும் நடுவில் 3 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும், தூசியும் இறகும் சேரும். ஷீட்டின் கீழ்ப்பக்கம் ஓர் இரும்புப் பட்டையை ஸ்க்ரூ போட்டு, கதவின் மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டி வரும்படி செய்யுங்கள். கதவு தன் எடையிலேயே கீழே வழுக்கி இறங்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சிறிய ஆக்சுவேட்டர்கூடப் பல பத்துக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அதை நேராகக் கதவில் பூட்டினால், குறுக்கே நிற்கும் கோழி பிழைக்காது. அதனால் ஆக்சுவேட்டரைக் கதவோடு நேராக இணைக்காதீர்கள். கயிறு கட்டி, கப்பி வழியாகக் கதவைத் தூக்க மட்டும் விடுங்கள். திறக்கும்போது ஆக்சுவேட்டர் கயிற்றை இழுக்கும். மூடும்போது கயிற்றைத் தளர்த்தும், கதவு தானாக இறங்கும். குறுக்கே கோழி நின்றால் அதன்மேல் விழுவது ஒரு கிலோ எடை மட்டும்தான், அதுவும் மெதுவாக. கோழி உதறிக்கொண்டு உள்ளே போய்விடும். குஞ்சு விளையாடும் கூட்டுக்கு எடையை அரைக் கிலோவாகக் குறையுங்கள்.

*நெம்ப முடியாத கீழ்விளிம்பு.* கயிற்றில் தொங்கும் கதவை நாய் மூக்கால் தூக்கிவிடும், மரநாய் நகத்தால் தூக்கிவிடும். வாசலின் அடியில், வெளிப்பக்கம், இரண்டு அங்குல உயரத்துக்கு ஓர் அலுமினிய ஆங்கிள் வையுங்கள். மூடிய கதவின் கீழ்விளிம்பு அந்த ஆங்கிளுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். விளிம்பு கைக்கு எட்டாவிட்டால் எந்தப் பிராணியும் நெம்ப முடியாது. பள்ளத்தில் குப்பை தேங்காமல் இருக்க, உள்பக்கம் அதைத் திறந்தே விடுங்கள். கதவின் வெளிமுகத்தில் பிடிக்க வாகாக ஒரு ஸ்க்ரூத் தலைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

*ஆக்சுவேட்டர்.* கூட்டுக்குள், கோழிக்கு எட்டாத மேல்சுவரில் படுக்கைவாட்டில் பொருத்துங்கள். முழுக்க உள்ளே இழுத்த நிலையில் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், முழுக்க நீட்டிய நிலையில் கதவு தரையில் உட்கார்ந்து கயிறு ஒரு விரல் அளவு தளர்ந்திருக்க வேண்டும். ஓட்டம் 300 மி.மீ. என்பதால் 11 அங்குல வாசலுக்குச் சரியாக வரும், உயரமான வாசலுக்கு ஓட்டமும் கூடுதலாக உள்ளதை வாங்க வேண்டும். இந்த ஆக்சுவேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு முனையிலும் லிமிட் சுவிட்ச் இருக்கும், கடைசிவரை போனதும் மோட்டார் தானே நின்றுவிடும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கயிற்றின் முனையில் ஒரு கொக்கி போடுங்கள். மின்சாரம் எதுவும் வேலை செய்யாத அன்று கொக்கியைக் கழற்றிக் கையாலேயே கதவை இயக்கலாம்.

*ஒயரிங்.* ஆக்சுவேட்டருக்குப் போகும் மின்சாரத்தின் பிளஸ், மைனஸை மாற்றினால் அது எதிர்த்திசையில் ஓடும். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் ரிலே. ரிலேயின் இரண்டு பொது முனைகளை (COM) ஆக்சுவேட்டருக்கு இணையுங்கள். ஓய்வு முனைகளில் (NC) ‘நீட்டும்’ திசைக்கும், இயங்கும் முனைகளில் (NO) ‘இழுக்கும்’ திசைக்கும் பேட்டரியை இணையுங்கள். ரிலேயின் சுருளை டைமர் இயக்கட்டும். காலை 7 மணிக்கு டைமர் ஆன், மாலையில் ஆஃப். கார் பவர்விண்டோ வேலை தெரிந்த எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இதை அரை மணியில் செய்து தருவார். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

ரிலே ஓய்வில் இருக்கும்போது கதவு மூடும்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. டைமர் கெட்டாலும் ரிலே கெட்டாலும் கதவு பெரும்பாலும் மூடிய நிலைக்கே போகும். பகலில் மூடிக்கொண்டால் யாராவது பார்த்துவிடுவார்கள். இரவில் திறந்துகொண்டால் காலையில்தான் தெரியும். தவிர, ரிலே மின்சாரம் குடிப்பது வெயில் இருக்கும் நேரத்தில் மட்டும் என்றும் ஆகிறது.

*பேட்டரிக் கணக்கு.* ரிலே சுமார் 75 மில்லி ஆம்பியர் எடுக்கும். 12 மணி நேரத்துக்கு 0.9 ஆம்பியர்-மணி. டைமருக்கும் கன்ட்ரோலருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் ஆம்பியர்-மணி என்று வையுங்கள். ஆக்சுவேட்டர் 3 ஆம்பியர் இழுத்தாலும் நாளைக்கு ஒரு நிமிஷம்தான் ஓடுகிறது, 0.05. எல்லாம் சேர்த்து 1.2. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வெயிலே இல்லாமல் சுமார் மூன்று நாள் தாங்கும். கார்த்திகை அடைமழைக்கு இது போதாது என்று தோன்றினால் பேட்டரியை 12 ஆம்பியர்-மணியாக்குங்கள். 

*பெட்டி.* ஒயர்கள் அடியிலிருந்து மேலே ஏறும்படி கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு நுழையுங்கள், மேலிருந்து நுழைத்தால் மழைநீர் ஒயரோடு உள்ளே வரும். முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் உப்புக்காற்றில் பச்சை பூக்காது. ஒரு துளைகூடத் திறந்திருக்கக் கூடாது. மழையைப் போலவே எறும்பும் பல்லியும் ரிலேயைப் பழுதாக்கும். எறும்பு கதகதப்பைத் தேடி உள்ளே குடியேறும், பல்லியும் துளை வழியாகப் புகுந்துவிடும்.

6. கோழிகளைப் பழக்குதல்

கூடு புதிது என்றால் கோழிகளை ஒரு வாரம் உள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். இதுதான் நம் இடம் என்று அவற்றுக்கு அதற்குள் பதிந்துவிடும். இதுவரை முருங்கை மரத்திலோ கூரைமேலோ அடைந்து பழகிய கோழிதான் சிரமம். அவற்றை மாலையில் ஒரு கை கம்பு காட்டி, ‘பா பா’ என்று கூப்பிட்டு உள்ளே வரவழைக்க வேண்டும். மரம் ஏறியதை இருட்டிய பிறகு எடுத்துக் கூட்டுக்குள் கட்டையில் உட்காரவைக்கலாம், இருட்டில் கோழி அதிகம் எதிர்க்காது. கூட்டுக்குள் உட்காரும் கட்டை, வாசலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தைத் தேடும்.

கதவின் சத்தத்துக்கு முதலில் பழக்குங்கள். சில நாள், பகலில், கோழி தீனி தின்னும்போது கதவை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள். அப்புறம் முதல் ஒரு வாரம், கதவு மூடும் நேரத்தில் தள்ளி நின்று பாருங்கள். எந்தக் கோழி கடைசியில் வருகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது மற்றவை கொத்தி விரட்டும் விடைக்கோழியாக இருக்கும். அதற்காக மூடும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உள்ளே இன்னொரு கட்டை போட்டு, கோழிக்கு எட்டுப் பத்து அங்குலம் இடம் கொடுத்தால் அது உரிய நேரத்துக்கு வந்துவிடும்.

கதவுக்கு எண்ணத் தெரியாது. வெளியே நிற்கும் கோழிக்கு அது வழிவிடாது, உள்ளே முன்னமே புகுந்துவிட்ட பாம்பையும் அது வெளியே விடாது. எனவே வீடு வந்ததும், எவ்வளவு நேரமானாலும், டார்ச்சோடு போய் எண்ணிவிடுங்கள். இந்தக் கதவு உங்களுக்குத் தருவது கொஞ்சம் அவகாசம்தான், போய்ப் பார்க்கும் வேலை உங்களுடையதே.

7. பகல் பாதுகாப்பு, சுருக்கமாக

குஞ்சுகளை இரண்டு மாதம் ஆகும்வரை வலையிட்ட அடைப்புக்குள்தான் மேயவிட வேண்டும். கீரிக்கும் காகத்துக்கும் அதைவிட நல்ல பதில் இல்லை. அடைப்பின் மேலே போட, கடற்கரை ஊர்களில் கிடைக்கும் பழைய மீன்வலை அருமையானது. பருந்து, காகம் இரண்டையும் தடுக்கும், வெயிலையும் மறைக்காது. ஆனால் மீன்வலையைத் தரைவரை தொங்கவிடாதீர்கள், பாம்பு அதில் சிக்கிக்கொண்டு செத்துப்போகும், சிக்கிய பாம்பை எடுக்கப் போகிறவருக்கும் ஆபத்து. தரையிலிருந்து இரண்டடிக்கு வெல்டு மெஷ், அதற்கு மேல் மீன்வலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டைச் சுற்றி இருபதடிக்கு வேலிக்காத்தான் புதர், செங்கல் குவியல், விறகு அடுக்கு எதுவும் வேண்டாம். கீரிக்கும் பாம்புக்கும் அதெல்லாம் வீடு. தீனியை மூடி போட்ட டிரம்மில் வைத்தால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும். இரண்டு கினிக்கோழி வளர்த்தால் வேற்றுப் பிராணியைக் கண்டதும் ஊரையே கூட்டும், பக்கத்து வீடு நெருக்கமாக இல்லாதவர்களுக்கு நல்ல காவல். மினுக்கும் சோலார் விளக்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், சில நாளில் பிராணிகளுக்குப் பழகிவிடும்.

8. மழையும் புயலும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர், கடலூர் பக்கம் ஊருக்குள் வந்தது. இந்த மண்ணில் கதவு வைக்கிறவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கதவை டைமரிடம் விடாதீர்கள், கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கையாலேயே இயக்குங்கள் (டைமரை மட்டும் நிறுத்தினால் கதவு மூடிக்கொள்ளும்). கதவு மூடிய கூட்டுக்குள் வெள்ளம் ஏறினால் கோழிகள் அப்படியே மூழ்கும். தாழ்வான இடத்தில் கூடு இருந்தால், இருட்டுவதற்கு முன்பே கோழிகளைப் பஞ்சாரத்தில் எடுத்து வீட்டுத் திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுவந்துவிடுங்கள். இடம் பெயராத கூட்டை நாலு மூலையிலும் தரையில் அடித்த முளையோடு கட்டுங்கள். சோலார் தகட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள், காற்றில் பறந்தால் அது கத்திபோல் பாயும். வெள்ளம் வடிந்த பிறகு கூட்டுக்குள் கோழியை விடும் முன் ஒரு கம்பால் மூலைமுடுக்கெல்லாம் தட்டிப் பாருங்கள். மேட்டைத் தேடி வந்த பாம்புகள் முதலில் ஏறும் இடம் உயர்த்திக் கட்டிய கோழிக்கூடுதான்.

சாதாரண மாதங்களில் பராமரிப்பு சிறிய வேலை. சேனலைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள், கிரீஸ் போடாதீர்கள், மண் ஒட்டும். சிலிகான் ஸ்ப்ரே போதும். கயிறு கப்பியில் உரசும் இடத்தைப் பாருங்கள், நூல் பிரிந்தால் உடனே மாற்றுங்கள். சோலார் தகட்டில் உப்பும் எச்சமும் படியும், ஈரத்துணியால் துடையுங்கள். சார்ஜ் ஆகாத நேரத்தில், அதாவது விடியற்காலையில், பேட்டரியை மீட்டரால் பாருங்கள். 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12க்குக் கீழே இறங்கியிருந்தால் வெளியே எடுத்துச் சார்ஜ் போட்டு, அது ஏன் இறங்கியது என்று தேடுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போவதென்றால், கதவை நம்பி அப்படியே போய்விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து, கயிற்றின் கொக்கியைக் கழற்றுவது எப்படி, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, மொத்தம் எத்தனை கோழி என்று காட்டிவிட்டுப் போங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, தீயணைப்பு எண் 101 இரண்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் கூட்டுக் கதவிலேயே பெயிண்டால் எழுதிவைக்கலாம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடி பட்டும் உயிரோடு இருக்கும் கோழியை உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, இருட்டான கூடையில் தனியாக வைத்து, மற்றவை கொத்தாமல் பார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.